ஏழு புள்ளி ஆறு

தொண்டியில் ஏற்றிய நான்கு கேன் கடலுக்கு
லக்கேஜ் சீட்டுக் கிழித்தார் கண்டக்டர்.
"தண்ணிக்கா?" என்றேன்.
"உப்புக்கு" என்றார்.
திருவாடானை, தேவகோட்டை,
வேகத்தடைதோறும் என் காலடியில்
அலையடித்துக்கொண்டே வந்தது அது,
கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

காரைக்குடியில் கடல் இல்லை.
சோடா கம்பெனி இருக்கிறது.
கல்லுக்கட்டிக்குப் பின்சந்தில்
செய்யது இபுறாகீமிடம்தான் கரியமில வாயு வாங்குகிறேன்,
உதவித்தொகை வராத ஏழாவது மாதமும் கடனுக்கு.
"அப்படி என்னதாம்மா செய்றீங்க இத வச்சு?"
"கடலைச் சோடாவாக்குறேன் பாய்."
வால்வைத் திருகியபடி யோசித்தார்.
"குடிக்கிறது யாரு?"

மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான்.
அறுபது பக்கம் எழுதியும்
அவர் அளவுக்குச் சுருக்கமாக என்னால் கேட்க முடியவில்லை.

குடிப்பவை ஆளிக் குஞ்சுகள்.
பிறந்து ஆறு மணி நேரம்.
வெறுங்கண்ணுக்குத் தூசி,
நுண்ணோக்கியில் அவசரம்.
ஒரு நாள் முடிவதற்குள்
ஒவ்வொன்றும் ஓடு கட்டியாக வேண்டும்,
கையிருப்பு கொஞ்சம் முட்டைக்கொழுப்பு,
மற்றதெல்லாம் தண்ணீரிலிருந்து பொறுக்கியது.
அந்தத் தண்ணீரில்தான் நான் கைவைக்கிறேன்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே,
என் ஆய்வகத்தில் அது தலைகீழ்.
செல்லத் தொட்டிக்குச் சுண்ணாம்பு.
மற்றதற்கு மறுப்பு.
ஓரவஞ்சனை என்று எழுத முடியாது,
'முறையியல்' என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
யுபிஎஸ் அமிலத் தொட்டிக்கு மட்டும்.
விடிந்து பார்த்தால்
நான் கெடுதல் செய்தவை நீந்திக்கொண்டிருந்தன,
ஒன்றுமே செய்யாதவை
அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன.
"கட்டுப்பாடு போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றார்
நெறியாளர் வசுமதி.
என்னையா தொட்டியையா என்று கேட்கவில்லை.
மறுபடி தொண்டி. மறுபடி லக்கேஜ்.

கடலில் கரைத்த பெருங்காயம் என்று
எவ்வளவு நிம்மதியாகச் சொல்லியிருக்கிறோம்.
இருநூறு வருஷப் புகையையும் அப்படித்தான் கரைத்தோம்.
காணாமல் போகவில்லை.
தசமப் புள்ளிக்கு வலது பக்கம்
ஓரிலக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் குடியிருப்பது கோட்டையூரில்,
பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டின்
பின்கட்டு அறையில்.
வாடகையை போனில் அனுப்பிவிடுவேன்.
சிப்பியைச் சுட்டு அரைத்துப் பூசிய சுவர்,
பல் தேய்க்கும்போது என் முகம் மங்கலாகத் தெரியும்.
எத்தனை லட்சம் ஓடு என்று
தூக்கம் வராதபோது கணக்குப் போடுவேன்.
ஒரு தடவை,
செய்திருக்கக் கூடாது,
கட்டிலுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில்
பத்து சதவீத அமிலம் ஒரு சொட்டு வைத்தேன்.
சுர்ர்.
சோடா உடைக்கிற அதே சத்தம்.
என்றைக்கோ ஒரு சிப்பி இழுத்துப் பூட்டிவைத்த வாயு
என் அறைக்குள் வந்து கலந்தது. நான் அதைச் சுவாசித்தேன்.
கடுகளவுப் பள்ளம்.
காலண்டரை அங்கே மாற்றி மாட்டியிருக்கிறேன்.
காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

முடிவுகள்:
ஏழு புள்ளி ஆறில் நானூறு குஞ்சுகள்.
ஓடு கட்டியவை முப்பத்தொன்று.
கோணல், விளிம்பில் பிளவு,
ஆனாலும் ஓடு.
எண்ணியதை நம்பாமல் மூன்று முறை எண்ணினேன்.
வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்:
இந்த முப்பத்தொன்று எப்படி?
பதில் என்னிடம் இல்லை.
பதில் இல்லாத இடத்தில் எல்லோரும் எழுதுவதை
நானும் எழுதி வைத்திருக்கிறேன்,
'மேலும் ஆராயப்பட வேண்டும்'.

சிலிண்டர் முள் பூஜ்யத்தைத் தொடுகிறது.
பாய் போனை எடுக்கவில்லை.
திருவிழாக் காலம்,
ஊரே சோடா கேட்கும்.